400 ரூபாய் அதிகம் கொடுத்து கடையில் வாங்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் ஆறு மாதத்திற்குள் ஏதாவது ஒரு துணைப் பொருளைத் தேடிக் கிளம்பி விடுவார்கள். ராம் போதவில்லை என்பார் ஒருவர். ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது என்பார் இன்னொருவர். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் ஆர்டினோ போர்டு, சென்சார், எல்இடி என்று ஒரு பட்டியலே வரும். அப்போது எழும் கேள்வி ஒன்றுதான்: பக்கத்துக் கடையில் வாங்குவதா, இன்டர்நெட்டில் ஆர்டர் செய்வதா? இரண்டு விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "கடைக்காரர் நம்மை ஏமாற்றப் பார்க்கிறாரே" என்று நினைப்பவர்களே அதிகம். நானும் அப்படி நினைத்தவன்தான்.

தாம்பரத்தில் இருக்கும் என் சித்தப்பா பழைய லேப்டாப் ஒன்றை வைத்திருக்கிறார். அதில் உள்ள 128 ஜிபி எஸ்எஸ்டி நிறைந்துவிட்டது. "நீதான் சாப்ட்வேர் இன்ஜினியர் ஆயிற்றே, நல்லதாக ஒன்று பார்த்துச் சொல்லுப்பா" என்றார். நான் அலுவலக இடைவேளையில் ஐந்து நிமிடம் தேடி, நல்ல ஆபரில் இருந்த ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு லிங்க் அனுப்பினேன். கடை விலையைவிட 400 ரூபாய் குறைவு. மூன்றாம் நாள் பார்சல் வந்தது. லேப்டாப்பில் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் பயாஸ் திரையில் அப்படி ஒரு டிரைவ் இருப்பதாகவே காட்டவில்லை.

திருப்பி அனுப்ப முயன்றோம். பொருளில் குறை இருந்தால் மட்டுமே மாற்றித் தருவோம் என்று பதில் வந்தது. பொருளில் குறை இல்லை. குறை என்னிடம்தான் இருந்தது. சனிக்கிழமை லேப்டாப்பையும் புது எஸ்எஸ்டியையும் எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "பழசைக் கழட்டிக் கொண்டு வந்திருக்கீங்களா சார்?"

இரண்டு வெட்டு, ஒரு வெட்டு

சூயிங்கம் பட்டை போல இருக்கும் இந்த எஸ்எஸ்டிக்கு எம்.2 என்று பெயர். எம்.2 என்பது வடிவத்தை மட்டுமே குறிக்கும். அந்த வடிவத்திற்குள் இரண்டு வகை டிரைவ்கள் உள்ளன. ஒன்று பழைய ஹார்ட் டிஸ்க்குகள் பயன்படுத்திய அதே சாட்டா முறையில் பேசும். இதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி. மற்றது என்விஎம்இ முறை. இது பல மடங்கு வேகமானது. சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டிகளின் தங்க நிற முனையில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும். என்விஎம்இ டிரைவ்களில் பெரும்பாலும் ஒரே வெட்டு.

சில பழைய லேப்டாப்களில் எம்.2 ஸ்லாட் சாட்டாவை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். அவற்றில் சிலவற்றில் என்விஎம்இ டிரைவும் அழகாக உள்ளே போய் உட்காரும். ஆனால் கம்ப்யூட்டருக்கு அதன் மொழி புரியாது. சித்தப்பாவின் லேப்டாப் இந்த வகை. கழற்றி எடுத்த பழைய டிரைவில் இருந்த இரண்டு வெட்டுகளைப் பார்த்த உடனே கடைக்காரர் இதைச் சொல்லிவிட்டார். நான் விளம்பரத்தில் இருந்த வேகத்தைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன். லேப்டாப்பைத் திறந்து பார்க்கவில்லை.

இந்த ஒரு கேள்விதான் சின்னக் கடையின் சரக்கு என்று இப்போது நினைக்கிறேன். எஸ்எஸ்டி எல்லா இடத்திலும் கிடைக்கும். "உங்களுக்கு எது சேரும்?" என்று கேட்க ஆள் வேண்டுமே!

கடைக்காரரின் கணக்கு

ஆன்லைன் விற்பனையாளர் ஒரே மாடலை ஆயிரக்கணக்கில் எடுப்பார். அதனால் அவருக்குக் கொள்முதல் விலையே குறைவு. பண்டிகை ஆபர் காலத்தில் வங்கிக் கார்டுக்குத் தரும் தள்ளுபடியை வங்கியோ, கம்பெனியோ, வெப்சைட்டோ பகிர்ந்துகொள்ளும். தெருக்கடைக்காரருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. விநியோகஸ்தரிடம் பத்துப் பெட்டி எடுப்பார். கடை வாடகை, கரண்ட் பில், உதவியாளர் சம்பளம் எல்லாம் அதற்குள்தான்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 3000 ரூபாய் எஸ்எஸ்டியில் கடைக்காரருக்கு 120 ரூபாய் நிற்கிறது என்றால், நீங்கள் 400 ரூபாய் குறைத்துக் கேட்கும்போது அவர் தன் கைக்காசைப் போட்டுத்தான் விற்க வேண்டும். ஆபர் நாட்களில் சில மாடல்களைத் தானே இன்டர்நெட்டில் ஆர்டர் செய்து கடையில் வைத்து விற்பதாக ஒரு கடைக்காரர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். விநியோகஸ்தர் தரும் விலையைவிட அது குறைவாம்!

எனவே சீல் வைத்த பெட்டியில் வரும் பிராண்டட் பொருளின் விலையில் சின்னக் கடை ஜெயிக்கவே முடியாது. விவரம் தெரிந்த கடைக்காரர்கள் அதில் போட்டி போடுவதையே விட்டுவிட்டார்கள். அதை ஏறக்குறைய கொள்முதல் விலைக்கே கொடுத்துவிட்டு, பொருத்தித் தருவதற்கும், பழைய டிரைவில் உள்ள பைல்களைப் புதியதில் மாற்றித் தருவதற்கும், கூடவே விற்கும் கேபிள், தெர்மல் பேஸ்ட், ஸ்க்ரூ போன்ற சிறு பொருட்களுக்கும் காசு வாங்குகிறார்கள். லாபம் அங்கேதான். "டேட்டா மாற்ற 300 ரூபாயா!" என்று முகம் சுளிக்கும் முன் இதைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சண்டை அரசு வரைக்கும் போனது. 2014 அக்டோபரில் பிளிப்கார்ட் நடத்திய ஒரு நாள் மெகா விற்பனைக்குப் பிறகு வியாபாரிகள் சங்கங்கள் புகார் செய்தன. அந்நிய முதலீடு பெற்ற விற்பனைத் தளங்கள் பொருட்களின் விலையில் தலையிடக் கூடாது என்று 2016 மார்ச்சில் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. 2019 பிப்ரவரி முதல் இந்த விதி மேலும் இறுக்கப்பட்டது. தளம் தனக்குப் பங்கு உள்ள நிறுவனத்தின் சரக்கை அங்கே விற்க முடியாது என்றானது. விதி வந்தாலும் விலை வித்தியாசம் போய்விடவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு தெரு, ஒரே கிடங்கு

சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிறது ரிச்சி தெரு. ரிச்சி தெரு என்று பொதுவாகச் சொன்னாலும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு ஆகியவையும் அதில் சேர்த்திதான். ஒரு காலத்தில் ரேடியோ பாகங்களுக்குப் பெயர் பெற்ற இடம்; இன்று கம்ப்யூட்டர், சிசிடிவி, மொபைல், எலக்ட்ரானிக்ஸ் உதிரி பாகங்கள் எல்லாம் கிடைக்கும். பல கடைகள் நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவுதான்.

இத்தனை சிறிய கடையில் எப்படி எல்லாம் கிடைக்கிறது என்று புதிதாகப் போகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். உண்மையில் அந்தக் கடையில் அது இருக்காது. நீங்கள் கேட்டதும், "ரெண்டு நிமிஷம் நில்லுங்க சார்" என்று சொல்லி ஒரு பையனை அனுப்புவார். அவன் நாலு கடை தள்ளிப் போய் எடுத்து வருவான். இரண்டு கடைக்காரர்களும் லாபத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். தெரு முழுவதும் ஒரே கிடங்கு போல வேலை செய்கிறது. ஒரு கடையால் பெரிய வெப்சைட்டுடன் போட்டி போட முடியாது. ஆனால் தெரு போட்டி போடுகிறது. இதே காரணத்தால்தான் ஊர்க் கோடியில் தனியாக இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குச் சிரமம் அதிகம்.

ஒரு ரூபாய் வியாபாரம்

வெப்சைட்டுகளுக்குப் பிடிக்காத வியாபாரம் ஒன்று உண்டு. அது ஒற்றைப் பொருள் வியாபாரம். கம்ப்யூட்டரை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருடத்திற்குப் போய்விடுகிறது என்றால், மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். வட்டமான காசு போன்ற சின்ன பேட்டரி அது. கடையில் ஒன்றே ஒன்று வாங்கலாம். இன்டர்நெட்டில் ஐந்து கொண்ட அட்டையாக வாங்க வேண்டியிருக்கும், அல்லது பேட்டரியைவிட கூரியர் செலவு அதிகமாகிவிடும். ஒரு ரெசிஸ்டர், ஒரு ப்யூஸ், லேப்டாப் அடியில் தொலைந்துபோன ஒரு ஸ்க்ரூ எல்லாம் இந்த வகைதான்.

எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கில் இறங்கியவர்களுக்கு இது உயிர்நாடி. 2018-ல் நான் கல்லூரி இறுதி ஆண்டில் இருந்தேன். தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஒரு புராஜெக்ட். ஆர்டினோ போர்டு, அல்ட்ராசானிக் சென்சார், ரிலே மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த கடை. பட்டியலைப் பார்த்த அண்ணன் கேட்டார், "ரிலேயை எதை வச்சு ஓட்டப் போற தம்பி?" ஆர்டினோவில் இருந்து நேராக என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆர்டினோவின் ஒரு பின் 20 மில்லி ஆம்பியர் வரை கொடுத்தால் பாதுகாப்பு. 40-க்கு மேல் போனால் ஆபத்து. நான் வாங்கிய 5 வோல்ட் ரிலேயின் காயிலுக்கு ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் தேவை. நேராக இணைத்திருந்தால் போர்டு போயிருக்கும். இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வைக்க வேண்டும். ரிலே நிற்கும்போது காயிலில் இருந்து திரும்பி வரும் மின் அதிர்வைத் தாங்க ஒரு டையோடும் வேண்டும். பிசி 547 ஒன்று, 1என் 4007 ஒன்று, கூட ஒரு ரெசிஸ்டர். மூன்றையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, பில் போட்ட காகிதத்தின் பின்பக்கம் சர்க்யூட்டை வரைந்து கொடுத்தார். அந்த மூன்றுக்கும் சேர்த்து 10 ரூபாய்கூட ஆகவில்லை. நாலு வருடம் படித்த இன்ஜினியரிங் அன்று காப்பாற்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்தக் கடைகளில் கல்லூரிப் பையன்கள் கூட்டம் நிற்கும். முழு புராஜெக்டையும் செய்து அறிக்கையோடு கையில் கொடுக்கும் இடங்களும் உண்டு. கடை நடக்க அதுவும் ஒரு வழிதான். படிக்கும் பையனுக்கு அதனால் நன்மை இல்லை என்பது என் கருத்து.

கேள்வி கேட்கும் கடை மூடினால்

வேலைக்குச் சேர்ந்த பிறகு நானும் மாறிவிட்டேன். அந்த மாடிப்படிக் கடைக்குப் போவேன். எந்த மாடல் நல்லது என்று கேட்பேன். பெட்டியின் மேல் உள்ள எண்ணை போனில் படம் எடுத்துக்கொள்வேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே ஆர்டர் செய்துவிடுவேன். இப்படிச் செய்பவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். எஸ்எஸ்டிக்காகச் சித்தப்பாவோடு போன அன்று முதலில் அந்தக் கடையைத்தான் தேடினேன். அங்கே மொபைல் கவர் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் கடைசியாக எதை விலை கொடுத்து வாங்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

பெரிய கடைகளுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ரேடியோ ஷேக் என்று ஒரு கடை வரிசை இருந்தது. 1921-ல் பாஸ்டன் நகரில் அமெச்சூர் ரேடியோ பிரியர்களுக்காகத் தொடங்கியது. 1977-ல் டிஆர்எஸ் 80 என்ற கம்ப்யூட்டரைத் தன் கடைகளில் விற்றது. வீட்டுக் கம்ப்யூட்டர் என்ற எண்ணமே பரவக் காரணமான முதல் சில கம்ப்யூட்டர்களில் அது ஒன்று. உங்களிடம் கேள்வி இருந்தால் எங்களிடம் பதில் இருக்கிறது என்ற பொருளில் விளம்பரமும் செய்தார்கள். பிறகு மொபைல் போன் விற்பனையில் லாபம் தெரிந்தது. கடையின் முன்பக்கம் முழுவதும் போன். ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் பின்னால் ஒரு மூலைக்குப் போயின. போனைப் பற்றிக் கேட்டால் யாரும் பதில் சொல்வார்கள். அதற்கு இந்தக் கடை எதற்கு? 2015 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. இங்கிலாந்தில் மேப்ளின் என்ற எலக்ட்ரானிக்ஸ் கடை வரிசை 2018-ல் வீழ்ந்தது. இதில் வேடிக்கை, மேப்ளின் 1972-ல் தொடங்கியதே தபால் மூலம் பாகங்கள் அனுப்பும் நிறுவனமாகத்தான்!

இதற்கு எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் 2012-ல் வந்தது. அதை வாங்கப் பெரும்பாலோர் இன்டர்நெட்டைத்தான் நாடினார்கள். இருந்தும் 2019-ல் அந்த நிறுவனம் கேம்பிரிட்ஜில் ஒரு கடை திறந்தது. வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்கட்டும், கேட்கட்டும் என்பதே நோக்கம். சிப் தட்டுப்பாட்டின்போது அதிகாரபூர்வ விற்பனையாளர்கள் ஆளுக்கு ஒன்று என்று அளந்து உரிய விலைக்கு விற்றார்கள். அதே போர்டை வேறு சிலர் இன்டர்நெட்டில் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். இன்டர்நெட் என்றால் எப்போதும் மலிவு என்பதும் சரியல்ல.

கடைகளிலும் குறை உண்டு

சின்னக் கடை எல்லாம் தர்ம சத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. "பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் குறையும் சார்" என்பார்கள். அதற்கு ஒப்புக்கொண்டால் வாரண்டி, புகார் இரண்டையும் மறந்துவிட வேண்டியதுதான். பயன்படுத்திய ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து, புதியது என்று கொடுப்பதும் நடக்கிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச சாப்ட்வேரை இயக்கினால், அந்த டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புதிய டிஸ்க்கில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். கில்லாடிகள் அந்த எண்ணையும் மாற்றுவது உண்டு. ஆனாலும் பார்ப்பது நல்லது.

பென் டிரைவ், மெமரி கார்டு விஷயத்தில் நடைபாதையும் இன்டர்நெட்டும் ஒன்றுதான். 2 டிபி என்று அச்சிட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்பார்கள். உள்ளே இருப்பது 32 ஜிபி மட்டுமே. கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கண்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். முதல் 32 ஜிபி வரை எல்லாம் சரியாக இருக்கும். அதற்கு மேல் நீங்கள் காப்பி செய்யும் கல்யாணப் படங்கள் எங்கும் பதிவாகாது, அல்லது பழைய படங்களின் மேலேயே எழுதப்படும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச சாப்ட்வேர் முழு இடத்தையும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே, படங்களைப் போடும் முன் சோதியுங்கள். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு எப்3 என்ற சாப்ட்வேர் உள்ளது.

இன்டர்நெட்டில் வாங்கும்போது வெப்சைட்டின் பெயரை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி போன்ற விவரங்களைத் தளம் காட்ட வேண்டும். அதைத் தேடிப் படித்த பின் பணம் கட்டுங்கள். பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எதை எங்கே?

மாடல் எண் உட்பட என்ன வேண்டும் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியுமானால், பொருள் சீல் வைத்த பெட்டியில் வருமானால், இன்டர்நெட்டிலேயே வாங்குங்கள். பிரிண்டர், மானிட்டர், பிராண்டட் மவுஸ் போன்றவை இந்த வகை. இதற்காகக் குற்ற உணர்வு தேவையில்லை. "எது சேரும்" என்ற சந்தேகம் துளி இருந்தாலும் கடைக்குப் போங்கள். ராம் இதற்கு நல்ல உதாரணம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு டெஸ்க்டாப் ராம்களிலும் 288 பின்கள்தான். ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது போகாது. அழுத்திப் பார்த்து ஸ்லாட்டை உடைத்தவர்கள் உண்டு.

போகும்போது பழைய பாகத்தையோ, முடிந்தால் கம்ப்யூட்டரையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் ஆன்லைன் விலையை மறைக்க வேண்டாம். "அங்கே இவ்வளவு போட்டிருக்கிறான், உங்களால் எவ்வளவு முடியும்?" என்று நேராகக் கேளுங்கள். சிலர் பாதி தூரம் இறங்கி வருவார்கள். முடியாது என்றால், "பொருளை அங்கேயே வாங்கி வருகிறேன், சரியான மாடலைச் சொல்லிப் பொருத்தித் தர என்ன வாங்குவீர்கள்?" என்று கேளுங்கள். இதற்குக் கட்டணம் சொல்லும் கடைகள் இப்போது இருக்கின்றன. ஜிஎஸ்டி பில்லும், வாரண்டிக்குத் தானே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்வாரா என்ற பதிலும் கேட்டு வாங்குங்கள். ரிச்சி தெருவுக்கு மெட்ரோவில் வருபவர்கள் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை.

சித்தப்பாவின் லேப்டாப்புக்கு அன்று சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டி ஒன்றை, இன்டர்நெட் விலையைவிடக் கூடுதலாகவே கொடுத்து வாங்கினோம். நான் வாங்கிக் கொடுத்த என்விஎம்இ டிரைவை என்ன செய்வது என்று விழித்தபோது, கடைக்காரர் உள்ளே இருந்து ஒரு சின்ன அலுமினியப் பெட்டியை எடுத்து வைத்தார். என்விஎம்இ டிரைவை அதற்குள் பொருத்தி யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் வெளியே வைத்துப் பயன்படுத்தும் டிரைவாக வேலை செய்யும். அங்கேயே போட்டுக் காட்டினார். லேப்டாப்பில் உடனே தெரிந்தது. அந்தப் பெட்டியின் மாடல் எண்ணைப் படம் எடுக்காமல், யுபிஐ மூலம் பணம் அனுப்பிவிட்டு வாங்கி வந்தேன்.